சட்டப் பிரிவு வேலைக்கு வந்தவர்

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் தணிகாசலம், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சட்டம் படித்து முடித்தார். பிறகு ஒரு தோல் தொழிற்சாலையின் சட்டப் பிரிவு வேலைக்கு நேர்காணலுக்குப் போனார். முதலாளி சான்றிதழ்களைத் தொடவேயில்லை. தணிகாசலத்தின் மீசையைத்தான் பார்த்தார்.

“சட்டமெல்லாம் எதுக்கு சார்? நம்ம கேட்ல நின்னீங்கன்னா கம்பீரமா இருக்கும். எங்க, ஒரு சல்யூட் அடிங்க பார்ப்போம்.”

தணிகாசலத்துக்கு வேலை அவசரமாகத் தேவைப்பட்டது.

“உக்காந்திருக்கவருக்கு அடிச்சா நல்லா இருக்காது. எழுந்திரிங்க.”

முதலாளி சந்தோஷமாக எழுந்தார்.

“கையத் தொடையோட ஒட்டுங்க. வயித்த உள்ள இழுங்க. பார்வை நேரா.”

அவர் அப்படியே செய்தார். மூச்சைப் பிடித்ததில் முகம் சிவந்தது. இத்தனை அசிங்கமாக நின்ற ஒரு சிப்பாயைத் தணிகாசலம் பார்த்ததில்லை. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேர்காணலுக்குக் காத்திருந்த பெண் பதற்றத்தோடு கேட்டாள்: “உள்ள சார் என்ன பண்றாரு?”

“நிக்கிறாரு. போய்ப் பாரும்மா” என்று கதவை அகலத் திறந்துவிட்டார்.