எண்ணிக்கை தப்பக் கூடாது

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்று சொல்லி டீச்சர் ஆள்காட்டி விரலை உயர்த்தினாள். அறை வாசலில் வந்து வாயைத் திறந்த கணவர் அப்படியே மூடிக்கொண்டார். கதவையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

டீச்சர் சாய்வு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள். ஸ்டூலில் கால், பக்கத்தில் சூடு ஆறாத காபி, மடியில் பூக்கொடி பாதி முடிந்த தலையணை உறை. அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிடுமோ என்ற பயமில்லாமல் ஒரு டம்ளர் காபியைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது, ஆடை படிந்த காபியை ஸ்டாஃப் ரூமில் நின்றபடி விழுங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

கோடை விடுமுறை என்பது ஆசிரியர்களுக்காக விடப்படுவதல்ல. ஆசிரியர்களின் சொந்தக்காரர்களுக்காக விடப்படுவது. "லீவுதானே?" என்று கேட்டுவிட்டால் போதும், பரணைச் சுத்தம் செய்வதிலிருந்து எதிர்வீட்டுப் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது வரை எதை வேண்டுமானாலும் அவள் தலையில் கட்டலாம்.

போன வருஷம் நாத்தனார் தன் இரட்டை வால்களையே கட்டினாள். "அண்ணி, உங்களுக்குப் பசங்கன்னா உயிராச்சே!" என்று ஐஸ் வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவள், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில்தான் வந்து அழைத்துப் போனாள். டீச்சர் அந்த லீவிலிருந்து தேறுவதற்கே தனியாக ஒரு லீவு போட வேண்டியிருந்தது.

இந்த வருஷம் காப்பாற்றியது ஊசி. லீவு ஆரம்பித்த புதிதில், மடியில் துணியை வைத்துக்கொண்டு நூல்கண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏதோ வேலை சொல்ல வந்த கணவர், "ஐயையோ, நீ எண்ணு, எண்ணு" என்று பதறிப் பின்வாங்கினார். போகிற போக்கில் டிவியையும் அணைத்தார்.

அந்த வீட்டில் அது சட்டமாம். அந்தக் காலத்தில் கணவரின் அம்மா ஊசியைத் தொட்டுவிட்டால் அவர் அப்பாவே நுனிக்காலில்தான் நடப்பாராம். எண்ணிக்கை தப்பினால் தையல் அத்தனையையும் பிரிக்க வேண்டுமே!

டீச்சர் பாடம் எடுப்பது வரலாறு. கணக்குக்கும் அவளுக்கும் ரொம்ப தூரம். அந்த உறையிலோ எண்ணுவதற்கு ஒன்றுமே கிடையாது, கார்பன் வைத்து வரைந்த நீலக் கோட்டின் மேலேயே ஊசியை ஓட்டினால் போதும். ஆனால் தானாக வந்த வரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? பரண் பேச்சு வந்தபோது அறுபத்தேழு என்றாள். வாய்ப்பாடு வந்தபோது தொண்ணூறு என்றாள். மறுபடி பரண் வந்தபோது ஞாபகப் பிசகாக முப்பத்தொன்று என்றுவிட்டாள். "பாவம், பிரிச்சுட்டா போல" என்று பரிதாபப்பட்டு, கணவர் தானே பரணில் ஏறினார்.

அவளுக்கு இருந்த ஒரே பயம் மாமியார். வீட்டுத் திரைச்சீலையிலிருந்து கைக்குட்டை வரை பூ போட்டுத் தள்ளிய கை அது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியைத் தொடுவதில்லை, ஆனால் நாக்கின் கூர் மட்டும் மழுங்கவில்லை. துணியைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நின்றது. நாத்தனார் இரண்டு பெரிய பைகளோடு நேரே அறைக்குள் வந்தாள். பின்னாலேயே வந்த இரட்டையர் வணக்கம் சொல்லும் விதமாகக் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள்.

"அண்ணி, லீவுதானே? இதுங்க ரெண்டும்..."

"நூத்தி எண்பத்தஞ்சு" என்று டீச்சர் விரலை உயர்த்தினாள்.

நாத்தனார் அண்ணனைப் போல அப்பாவி இல்லை. "யாருகிட்ட அண்ணி? அம்மா, இங்க வா! அண்ணி எண்ணறாங்களாம். நிஜமாவே எண்ணற வேலைதானான்னு நீயே பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியாத தையலா?"

மாமியார் வந்தார். பின்னாலேயே கணவரும் வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியை வாங்கி, நீலக் கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். இந்த லீவும் போச்சு என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏன்டி, இது என்ன லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சியா?" மாமியார் மகள் பக்கம் திரும்பினார். "நூலுக்கு நூல் எண்ணணும். ஒண்ணு தப்பினா மொத்தமும் பிரிக்கணும். இதுல உன் வாண்டுங்க வேற கூடக் குதிச்சா விளங்கினாப்பலதான். பையை எடு!"

"அப்போ இதுங்களை நான் எங்கேம்மா விடுவேன்?"

"உன் மாமியார் வீட்டுல யாராவது எண்ணிக்கிட்டு இருக்காங்களா? அங்க கொண்டு போய் விடு."

கணவர், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று தங்கையிடம் கிசுகிசுத்தபடி பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வண்டி புறப்படும் சத்தம் கேட்டது. டீச்சருக்கு நம்பவே முடியவில்லை.

"அத்தை... இந்தத் துணியில எண்ண வேண்டியதே இல்லைன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

மாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"உன் மாமனாரும்தான் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலை."