கரண்டை உறிஞ்சியது யார்?

மூன்றாவது நாளாகக் காலையில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"டைனமோ நல்லா சார்ஜ் ஏத்துதுண்ணே. பேட்டரியும் புதுசு. ஆனா வண்டி நிக்கும்போது எதுவோ கரண்டை உறிஞ்சுது."

டேஷ்போர்டைக் கழற்றினால், உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி சிவப்பாக மின்னியது.

"வண்டி எங்க போகுதுன்னு காட்டிக் கொடுக்கிற கருவிண்ணே. நீங்க மாட்டலையா?"

"நான் மாட்டலையே!" என்றார் டிரைவர். அவருடைய சொந்த லாரி அது. போன வாரம்தான் இதே சாலையில் ஒரு லாரியை மறித்து, ஓட்டியவரை வெட்டிப்போட்டுவிட்டுச் சரக்கைக் கடத்தியிருந்தார்கள். எதிரே நின்ற காரில் இருந்தவர்கள் தன்னையே பார்ப்பதுபோல் தோன்றியது.

"முதல்ல அதை வெட்டி விடு தம்பி!"

ஒயரை வெட்டிய மறு நிமிடமே போன் அலறியது. எடுத்தார். மனைவி.

"ஏங்க, மறுபடியும் நெஞ்சு வலியா?" அழுதுகொண்டே கேட்டாள்.

"இல்லையே! ஏன் கேக்குற?"

"போன மாசம் வண்டியிலேயே மயங்கிக் கிடந்தீங்கல்ல, அதான் நாலு நாளைக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியாம ஒரு பெட்டி மாட்ட வச்சு, போன் மேப்புல பாத்துக்கிட்டே இருக்கேன். இப்ப திடீர்னு உங்க புள்ளி அணைஞ்சுபோச்சு. எனக்கு உயிரே போயிடுச்சுங்க!"