கோத்த கைகள்

இரவு பகலாக ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மருமகள் தமயந்தி முன்னால் போக, மாமனார் அம்பலவாணர் காரில் பின்தொடர்ந்தார். வெளியாள் விரல் பட்டால் வண்டி பந்தயத்தை விட்டு வெளியே என்பது விதி. வளைவு மணலில் அவள் வண்டி சறுக்கிப் படுத்ததும், இறங்கி ஓடிய அவர் இரண்டடி தள்ளி நின்று கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டார்.

"அடி பட்டிருக்காம்மா?"

"இல்ல மாமா. கைய மட்டும் நீட்டிடாதீங்க."

அதற்குள் ஒரு லாரிக்காரர் குதித்து வந்தார். அம்பலவாணர் நெஞ்சால் மறித்தார்.

"தொடாதீரும்! அவ எங்க வீட்டு மருமக."

"மருமகளா? அந்தப் புள்ள ஒத்தையில மல்லுக்கட்டுது, நீரு வேடிக்க பாக்கீரு. பெரிய மனுசனாம்!"

நடுரோட்டில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. காது சிவக்க, விதியைச் சொல்ல வாயெடுத்தார். தமயந்தியோ வண்டிக்கு முதுகு கொடுத்துக் குந்தி, குதிகாலை ஊன்றி உந்தினாள். வண்டி ஒரு முழம் எழுந்தது. அவருக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

"மாமா, மூச்ச விடுங்க. அதுக்குத் தடையில்ல."

வண்டி நிமிர்ந்தது, உறுமியது, புழுதி கிளப்பிப் பறந்தது.

"கல்நெஞ்சம்யா உமக்கு!"

"ஆமாய்யா, ஆமா! ஒத்தையில தூக்கினா, பாத்தீரா?" அம்பலவாணர் வாயெல்லாம் பல்லாகக் காருக்கு நடந்தார். கதவருகே வந்தும் கோத்த கைகள் பிரியவில்லை. லாரிக்காரரே திட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.