கச்சிப் பாத்திமா

“புள்ள பெத்த உடம்போட நீ எதுக்கும்மா கதவைத் திறக்க வர்றே? போ, போய்ப் படு.”

கதவைத் திறந்த ஹர்ஷினி திருதிருவென்று விழித்தாள். கலைந்த தலை, தொளதொள நைட்டி, தூக்கம் காணாத கண்கள், தோளில் பால் வாசனையோடு ஒரு துண்டு. மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த இஃப்பத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பர் துபாயின் அந்தப் பழைய கட்டடத்தில் கீழ்வீட்டில் குழந்தை அழுதால் மேல்வீட்டில் தூக்கம் கலையும்.

“ஆன்ட்டி, நான் வந்து...”

“எல்லாம் தெரியும். லிஃப்ட்ல உங்க அப்பா டயபர் மூட்டையோட நின்னாரு. பேரப்புள்ளையான்னு கேட்டேன். பாவம், பாதியிலயே இறங்கிப் படியேறிப் போயிட்டாரு.”

ஹர்ஷினி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இஃப்பத் உள்ளே வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். “இந்தா, கச்சிப் பாத்திமா.”

“யாரு ஆன்ட்டி அவங்க?”

“ஆளில்லம்மா, இலை. எங்க லாத்தாவை, அதான் எங்க அக்காவை, கோலாலம்பூர்ல கட்டிக் கொடுத்திருக்கு. அங்க மலாய்க்காரங்க, புள்ள பெத்தவளுக்கு இதைத்தான் கொதிக்க வச்சுக் கொடுப்பாங்க. வயிறு உள்ள போயிரும், உடம்பு கெட்டிப்படும்பாங்க. என் மூணு பிரசவத்துக்கும் லாத்தா அனுப்பினா.”

ஹாலில் ஹர்ஷினியின் அம்மா ஷியாமளா முதுகுக்குத் தலையணை கொடுத்து சோபாவில் சாய்ந்திருந்தாள். காதோரம் நரை. மடியில் துணிச்சுருளுக்குள் குழந்தை. வந்தவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

இஃப்பத்துக்குச் சுருக்கென்றது. மகள் ஓடிஓடி வேலை செய்கிறாள், அம்மா சாய்ந்திருக்கிறாளா? அவளே சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். ஹர்ஷினி பின்னாலேயே வந்தாள்.

“மாப்பிள்ளை எங்க? டூட்டியா?”

“மாப்பிள்ளை இன்னும் வரல ஆன்ட்டி.”

“எப்ப வருவாரு?”

“தெரியல. எங்க இருக்காருன்னே தெரியல. அப்பாதான் தேடிட்டு இருக்காரு.”

இஃப்பத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஹர்ஷினி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின.

“அழாதேம்மா.” இஃப்பத் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரருக்குப் பெரிய ஆளுங்களைத் தெரியும். ஷார்ஜாவுல ஒளிஞ்சாலும் சரி, ஃபுஜைராவுல ஒளிஞ்சாலும் சரி, காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்துடலாம்.”

தோள்கள் இன்னும் பலமாகக் குலுங்கின. இஃப்பத்தின் கண்களும் கலங்கிவிட்டன.

கஷாயத்தைக் கோப்பையில் வடிகட்டி எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஷியாமளாவின் எதிரில் நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பொண்ணு மனசு ஒடிஞ்சு நிக்குது. நீங்க ஆதரவா ஒரு வார்த்தை பேசாம குனிஞ்சுட்டே இருக்கீங்க. ஊர்ல நாலு பேரு சிரிப்பாங்கன்னு பயமா?”

ஷியாமளா மெல்லத் தலையாட்டினாள். “ஊர்ல யாருக்கும் இன்னும் சொல்லலைங்க. எங்க அண்ணிக்குத் தெரிஞ்சா வாட்ஸ்அப் குரூப் முழுக்கப் பரப்பிருவாங்க.”

“பரப்பட்டுமே. குழந்தை பொறக்கறது குத்தமா? அல்லா கொடுத்தது. ஒளிச்சு ஒளிச்சு வளர்ப்பீங்களா? இந்தத் தங்கக்கட்டியைத் தூக்கிப் புடிச்சுப் பெருமையாச் சொல்லுங்க.”

இந்த வீட்டில் குழந்தை பிறந்த நாளிலிருந்து இத்தனை தெளிவாக யாரும் பேசியதில்லை. ஷியாமளா நிமிர்ந்தாள். “வெக்கப்பட ஒண்ணுமில்லைங்கறீங்க?”

“சத்தியமா இல்லக்கா.”

குழந்தை சிணுங்கி, வீல் என்று அழத் தொடங்கியது. இஃப்பத் கோப்பையை ஹர்ஷினியிடம் நீட்டினாள். “மளமளன்னு குடிச்சிட்டுப் புள்ளைக்குப் பால் கொடும்மா.”

சிரிப்பை இனிமேலும் அடக்க முடியாமல் ஹர்ஷினி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தக் கஷாயத்தை இங்க கொடுங்க,” என்று கை நீட்டினாள் ஷியாமளா. “அவளுக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிருக்கோம், இவன் அவளோட தம்பி.”