மொட்டைக் கடிதம்

"அந்த மொட்டைக் கடிதத்தை மட்டும் எடுத்துப்போடு, நிரோஜினி. உன்ர அம்மாவின்ர பேருக்கு இழுக்கு," என்றார் புனிதவதி.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழ் மாதர் சங்கத் தலைவியாக முப்பது வருசம் இருந்த தவமலர் போன மாதம் காலமாகிவிட்டார். அவருக்கு வந்த கடிதங்களைப் பாதுகாத்து வைக்க லைப்ரரியில் கேட்டிருந்தார்கள். மகள் நிரோஜினியும் சங்கச் செயலாளர் புனிதவதியும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அதில என்ன எழுதியிருந்தது, அன்ரி?"

"'படம் எடுக்க மட்டும் முன்னுக்கு நிக்கிற தலைவி எங்களுக்கு வேண்டாம்' எண்டு. ஆரோ இடக்கையால கிறுக்கினது. அம்மா கூட்டத்தில வாசிச்சிட்டு, ஒண்டும் சொல்லாமல் பைக்குள்ள வைச்சவ."

"பெயரில்லாத கடிதம் எண்டு தனியா ஒண்டும் இல்லையே. எழுதின ஆளின்ர பெயரிலதான் அம்மா ஒவ்வொரு பைலும் வைச்சிருக்கிறா. இந்தாங்கோ, இது உங்கட பைல்."

புனிதவதி திறந்தார். பொங்கல் வாழ்த்துகள், மகனின் கலியாண வீட்டுக்கு வந்ததற்கு எழுதிய நன்றிக் கடிதம். அவற்றுக்கு நடுவில் அந்த மொட்டைக் கடிதம்.

அதனோடு இன்னொரு தாளும் குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அந்தக் கடிதம் வந்த அதே வாரம் தவமலர் சங்கத்துக்கு எழுதியதன் பிரதி: 'புதிய செயலாளராகப் புனிதவதியைப் பிரேரிக்கிறேன். குறை கண்டால் அவர் பேசாமல் இருக்கமாட்டார்.'

"கிடைச்சிட்டுதோ அன்ரி? எடுத்துப்போடட்டோ?"

புனிதவதி அந்தக் கடிதத்தை நீவி விரித்தார்.

"வேண்டாம். பேனை இருக்கோ, பிள்ளை?"

இருபத்திரண்டு வருசம் பிந்தி, அந்தக் கடிதத்தின் அடியில் வலக்கையால் கையெழுத்துப் போட்டார்.