அவள் படிக்கிற நேரம்

"வாயைத் திறந்து சொல்லு. ரிசல்ட் வந்துச்சா, வரலையா?"

கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றான் கணவன். லாரி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரை இவனுக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

"வந்துச்சு" என்றாள் அவள். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

மருத்துவமனையில் அவள் உதவி நர்ஸ். ட்ரிப் ஏற்ற வேண்டுமென்றால் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். பெட்பேன் எடுக்க மட்டும் யாரையும் கூப்பிட வேண்டாம். அந்த அநியாயம் பொறுக்காமல்தான் முழு நர்ஸ் ஆகிற படிப்பில் சேர்ந்தாள். அன்றிலிருந்து சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அவன் தலையில். டூட்டி முடிந்து வந்து அவள் சாப்பாட்டு மேஜையில் புத்தகத்தை விரித்தால் வீட்டில் மிக்ஸிகூட ஓடாது.

அவள் இருந்த இருப்பைப் பார்த்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"எத்தனை பேப்பர்?"

அவள் உச்சுக் கொட்டினாள்.

"சரி விடு. நான் கேக்கல."

மாமியார் உள்ளேயிருந்து வந்தாள். "அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பெட்பேன் அலம்ப எதுக்கு இம்மாம் பெரிய புத்தகம்? எல்லாத்தையும் கட்டிப் பரண்ல போடச் சொல்லு. எம்புள்ள அடுப்புல வெந்தது போதும்."

அவளுக்குத் திக்கென்றது. புத்தகம் பரணுக்குப் போனால் எல்லாம் போச்சு. கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள்.

"நீ சும்மா இரும்மா. முதல்முதலா என்ஜினைப் பிரிச்சு மாட்டினப்போ கை நிறைய நட்டை மிச்சம் வெச்சவன்தான் நானும். என்னை யாரும் பரண்ல போடல. மறுபடி எழுதட்டும்."

"இன்னும் ஒரு வருஷம்டா."

"ஆகட்டும். அடுப்படி என் பொறுப்பு."

அவள் கல்யாணமான நாளிலிருந்து அவனை மனசுக்குள் திட்டியதில் பாதியை அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டாள். அவன் சூடாகச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தான், புத்தகத்தையும் பக்கத்தில் நகர்த்தி வைத்தான். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போய் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

போன் அடித்தது. கூடப் படித்த தோழி.

"வீட்டுல சொல்லிட்டியாடி?"

"ரிசல்ட் வந்துச்சுன்னு சொன்னேன். மிச்சத்தை அவங்களே நினைச்சுக்கிட்டாங்க."

"அடிப்பாவி. காலேஜுலேயே முதல் மார்க் வாங்கியிருக்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீயும் சிஸ்டர். எத்தனை நாளைக்கு மறைப்ப?"

"கல்யாணமாகி இப்பத்தான்டி உக்காந்து சூடா சாப்பிடுறேன்" என்றாள் அவள், குரலைத் தணித்து, சோற்றைப் பிசைந்தபடி. "ஒரு வருஷத்துக்குப் பிரச்சினை இல்ல. அதுக்குள்ள, இதுக்கும் மேல படிக்க ஏதாவது கோர்ஸ் இருக்கான்னு விசாரிச்சுச் சொல்லு."