லேபிளில் எழுதிய நஞ்சு

“இதென்ன கிறீமோ, இல்லாட்டி பூச்சிக்கு அடிக்கிற மருந்தோ?”

கேட்டுக்கொண்டே லூர்தம்மா வெறும் அட்டைப் பெட்டியை மேசையில் வீசினாள். பேசாலை ஊரில் இருந்த யசிந்தாவின் கடையில் அப்போது இரண்டு பெண்கள் சாமான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினாள்.

“என்ன நடந்தது, அன்ரி?”

“என்ர மகள் டினோஜாவின்ர முகத்தை வந்து பார். கன்னம் முழுக்கச் சீழ் வைச்ச கட்டி. புதன்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் என்னத்தைக் காட்டுறது?”

யசிந்தாவுக்குத் திக்கென்றது. முறையாகப் படித்து, கற்றாழை கிறீம் செய்து, இரண்டு வருடமாகத்தான் விற்கிறாள். ஊருக்குள் இப்படி ஒரு கதை பரவினால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

“டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?”

“காட்டினனான். பூசின சாமானில கிருமி இருந்திருக்கு எண்டவர்.” லூர்தம்மா பெட்டியின் பின்பக்கத்தை விரலால் குத்தினாள். “பினொக்சிஎதனோல். வாயிலயே நுழையேல்ல. போனில தேடிப் பார்த்தனான், கெமிக்கலாம். நஞ்சை ஊத்திப்போட்டு மேல கற்றாழைப் படம் போட்டு விக்கிறாய்.”

“கிருமி வராமல் இருக்கத்தான் அன்ரி அதைப் போடுறம். கற்றாழையில தண்ணி கூடுதல். இது இல்லாட்டிக் கெதியாப் பூஞ்சணம் பிடிச்சிடும். நூறு கிராமுக்கு ஒரு கிராம்கூட இல்ல. நீங்கள் கருவாட்டுக்கு உப்புப் போடுறேல்லையோ?”

“உப்பு கடலில வாறது. இது கொம்பனியில வாறது. ரெண்டும் ஒண்டோ?”

நின்ற பெண்களில் ஒருத்தி கையில் எடுத்த கிறீமை மெல்லத் தட்டில் வைத்துவிட்டாள். யசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கெமிக்கலே இல்லை’ என்று பொய் எழுதி விற்கிறவர்களை ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. போட்டதை உள்ளபடி எழுதியவளுக்குத்தான் இந்த மரியாதை.

“சிலருக்கு ஒத்துக்கொள்ளாதுதான், அன்ரி. அதுக்குத்தானே முதலில கையில பூசிப் பார்க்கச் சொன்னனான்.”

“இஞ்ச வைச்சே பூசிப் பார்த்தவள். ரெண்டு நாள் விட்டும் பார்த்தவள். ஒண்டும் செய்யேல்ல. முகத்தில பூசத்தான் இந்த வினை வந்தது.”

“நானும் அதே நாள் செய்த கிறீமைத்தான் ரெண்டு கிழமையாப் பூசுறன். வந்து பாருங்கோ. ஒரு பரு கிடக்கோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ.”

யசிந்தா முகத்தை நீட்டினாள். லூர்தம்மாவும் விடவில்லை. அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு கன்னத்தையும் தடவித் தடவிப் பார்த்தாள். பெண்கள் இருவரும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். கன்னம் பளிங்குபோல இருந்தது.

லூர்தம்மாவின் குரல் இறங்கியது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

“அதுதான் எனக்கும் விளங்கேல்ல. நீ இந்த நஞ்சை அப்பிடியே அள்ளிப் பூசுறாய், உனக்கு ஒண்டும் செய்யேல்ல. நான் நஞ்சு முறியட்டும் எண்டு, பாம்புக் கடிக்கே கேட்கிற மடு மாதா கோயில் மண்ணை ஒரு பிடி கிறீமில போட்டு நல்லாக் குழைச்செல்லோ பிள்ளைக்குப் பூசக் குடுத்தனான்.”